வெந்நீர்த் தொட்டியில் கொடுத்த வாக்கு

கபுவாவில் இருக்கும் அண்ணன் நுமேரியஸுக்குத் தங்கை பெட்டிலியா வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் நலமென்றால் மகிழ்ச்சி. நானும் நலம் என்று எழுத வழக்கப்படி கை போகிறது, மனம் ஒப்பவில்லை.

என் மகள் ட்ரெபியாவை நகரத்தின் புதிய அதிகாரியின் மகனுக்குக் கொடுக்க என் வீட்டுக்காரர், உங்கள் மாப்பிள்ளை, துடிப்பது தெரியும். அந்த அதிகாரியை இவர் தூரத்திலிருந்து, வெள்ளை அங்கியில் மட்டுமே பார்த்திருக்கிறார். குளியல்கூடத்து வெந்நீரில் கைவிட்டுச் சூடு பார்ப்பதும் அதிகாரியின் வேலைதான் என்று யாரோ சொல்ல, மூன்று நாளாகத் தொட்டியோரம் வெந்துகொண்டு காத்திருந்தார். நேற்று ஆவிக்குள் ஒரு பருத்த மனிதர் வந்து, கைவிட்டுப் பார்த்து, "இதுக்குப் பேரு வெந்நீரா? ஒரு முட்டை வேகுமா இதுல?" என்று அதட்டியிருக்கிறார். இவருக்கு அது போதும். எண்ணெய் தடவி, தானே அவர் முதுகின் அழுக்கை வழித்துவிட்டு, "ஐயா, எம் பொண்ணு உங்க வீட்டுக்கு மருமகளா வரணும்" என்று கேட்க, "தாராளமா வரட்டுமே, எம் பையனும் தங்கமானவன்" என்று அவர் சொல்ல, தொட்டிக்குள் இருந்த எட்டுப் பேர் சாட்சியாக இவர் வாக்கும் கொடுத்து, விருந்துக்கும் அழைத்துவிட்டார்.

மாலையில் விருந்துக்கு வந்தவர் உட்காருமுன் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "வீடு சில்லுனு இருக்கே தங்கச்சி, தரைக்கடியில அடுப்பு போடலியா?" என்றார். அப்போதுதான் விசாரித்தேன். அவர் குளியல்கூடத்துத் தரைக்கடியில் தீ மூட்டி வெந்நீர் காய்ச்சும் அடுப்புக்காரர் ஓனேசிமஸ். கரி போகத் தேய்த்துக் குளித்ததில் அங்கிருந்தவர்களிலேயே அவர்தான் பளிச்சென்று இருந்திருக்கிறார். "துணி இல்லாதப்ப எப்படிடி கண்டுபிடிக்கிறது?" என்று உங்கள் மாப்பிள்ளை என்னையே கேட்கிறார். யோசித்துப் பார்த்தேன், அங்கியைக் கழற்றினால் இவரையும்தான் யாருக்கு அடையாளம் தெரியும்? ட்ரெபியாவோ, "குளிர்காலத்துக்கு நல்ல எடம்தாம்மா" என்று சிரிக்கிறாள்.

வாக்கை மீறினால் இவர் ஊரில் தலைகாட்ட முடியாது. மீறாவிட்டால் என் பெண் கரிக்குள் வாழவேண்டும். உடனே புறப்பட்டு வந்து, நயமாகப் பேசி அந்த வாக்கைத் திரும்ப வாங்கித் தாருங்கள். அண்ணிக்கு என் அன்பு. நம் வீட்டுத் தெய்வங்கள் உங்களைக் காக்கட்டும்.

பி.கு.: இதை மூடி முத்திரை வைக்குமுன், பெண்கள் வேளையில் குளிக்கப் போனேன். பக்கத்தில் இருந்த அம்மாளிடம், யாரென்று கேட்காமலே, எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்; அத்தனை நிதானம். மனம் இளகி, "உங்கள மாதிரி ஒருத்தர் மாமியாரா அமைஞ்சா எம் பொண்ணக் கண்ண மூடிட்டுக் குடுப்பேன்" என்றேன். சுற்றிலும் இருபது பெண்கள். "அப்ப சரி சம்பந்தி, அடுப்புக்காரர் வீட்டம்மா நாந்தான்" என்றாள். அண்ணா, இத்தனை சாட்சிகளிடம் பேச உங்களாலும் ஆகாது. கல்யாணத்துக்கே வந்துவிடுங்கள்.