குங்குமம் வைத்த முகமூடி

தீயணைக்கும் வேலையில் புகை குடித்துப் புற்றுநோய் வந்தவர்களைக் கைவிடுவதில்லை என்று அரசாங்கம் கருணை கூர்ந்து முடிவு செய்தது. முடிவு செய்த கையோடு தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து விழாவும் எடுத்தது. மேடையில் நிறுத்த ஒரு நோயாளி தேவைப்பட்டதால் ஜெபராஜைக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ‘நெருப்பை வென்ற நாயகன்’ என்று பட்டமும் கொடுத்தார்கள். வைத்தியம் மட்டும் முறைப்படி விண்ணப்பித்தால் கிடைக்கும் என்றார்கள்.

ஜெபராஜ் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பம்மலில் எங்கள் தெருக்காரர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தோல் பதனிடும் ரசாயனக் கிடங்கு பற்றி எரிந்தபோது, என் வீட்டுச் சுவர் வரை வந்த நெருப்பை, முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு நிறுத்தியவர். சுவர் இன்றும் நிற்கிறது. அவர் தொண்டைதான் போய்விட்டது. பேச்சு வெறும் காற்றாக வரும்.

‘இந்த நோய் பணியால் வந்தது’ என்று நலப்பிரிவு அதிகாரி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால், பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாக முழு வைத்தியமும் பார்ப்பார்கள். போடாவிட்டால், கரண்ட் வைக்கிற கதிர்வீச்சு வைத்தியம் பாதியில் நின்றது நின்றதுதான்.

ஆகவே அவரையும் அவர் மனைவி யூனிஸையும் என் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்த ஆபீசுக்குப் போனேன். அந்த ஆபீசோடு எனக்கு ஒரு பழைய பகை உண்டு. ஒருமுறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். திரும்பி வந்து பார்த்தால் செருப்பு இல்லை. கேட்டதற்கு, செருப்பு இந்தப் பிரிவின் கீழ் வராது என்றார்கள். மனிதன் எதை மறந்தாலும் இப்படிப்பட்டதை மறக்கக் கூடாது.

அதிகாரி பெயர் லோகநாதன். உடம்பைப் பேணுகிறவர். உட்கார்ந்தே இருந்தால் ஆயுள் குறையும் என்று எங்கோ படித்துவிட்டு, உயரமான மேஜை போட்டு நின்றுகொண்டே வேலை பார்ப்பார். அதனால் எதிரே வருகிற நோயாளிக்கும் நாற்காலி கிடையாது.

“ஸ்மோக்கிங் ஹேபிட் உண்டா?” என்றார்.

“முப்பது வருஷமா,” என்றார் ஜெபராஜ்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. “அப்போ மேட்டர் முடிஞ்சுது. சொந்தப் பழக்கம்.”

“பீடி இல்ல சார். நீங்க அனுப்புன எடத்துல இருந்த புகை.”

“சத்தமா சொல்லுங்க. என்கொயரின்னா காதுல விழணும்.”

“அந்தத் தொண்டைக்குத்தான் சார் வந்துகிறோம்,” என்றேன் நான்.

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் அடுத்த கேள்விக்குப் போனார். “எந்தத் தீயால வந்துச்சு?”

பெருங்களத்தூர் பிளாஸ்டிக் குடோன், சேலையூர் மெத்தைக் கடை, பம்மல் கிடங்கு என்று ஜெபராஜ் விரலை மடக்கினார். “எல்லாந்தான் சார்.”

“எல்லாத் தீ மேலயும் பழி போட முடியாது. ஒரு தீயைச் சொல்லுங்க.”

பெற்ற பிள்ளைகளில் ஒருவனைக் காட்டிக்கொடுக்கச் சொன்னதுபோல ஜெபராஜ் தயங்கினார். பிறகு, “பம்மல்,” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது என் சுவர்.

“அன்னிக்கு மாஸ்க் போட்டிருந்தீங்களா? போட்டிருந்தா, அது கவர்மென்ட் வாங்கின மாஸ்க். புகை உள்ள போக சான்ஸே இல்ல. நோய் வேற எங்கியோ வந்தது.”

“போடல சார்.”

“அப்போ கேர்லெஸ். உங்க தப்பு.”

“இன்னா சார் இது? போட்டாலும் இல்ல, போடாட்டியும் இல்லையா?” என்றேன் நான்.

“ரூல்னா அப்படித்தான். எந்தப் பக்கமும் ஓட்டை இருக்கக் கூடாது,” என்றார் லோகநாதன் பெருமையாக. “ஏன் போடல?”

“அது கண்ணாடி பீரோவுல இருக்கும் சார். பட்டை அறுந்தா சம்பளத்துல புடிப்பாங்க. ஆயுத பூஜைக்கு எடுத்து, சந்தனம் குங்குமம் வச்சு, சூடம் காட்டி, திரும்பவும் உள்ள வச்சுப் பூட்டிடுவோம்.”

“நீங்க கிறிஸ்டியன்தானே?”

“பொரி எல்லாருக்கும் உண்டு சார்.”

லோகநாதன் நின்றபடியே யோசித்தார். பிறகு விஞ்ஞானபூர்வமான ஒரு முடிவுக்கு வந்தார். அதே முகமூடியைப் போட்டுக்கொண்டு ஓர் அதிகாரி புகைக்குள் போவது. அவருக்குப் புகை ஏறாவிட்டால் ஜெபராஜின் நோய் அவர் சொந்த நோய். ஏறினால் பார்க்கலாம்.

குறித்த நாளில் ஆபீசுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் பழைய டயரையும் உடைந்த நாற்காலிகளையும் போட்டுக் கொளுத்தினார்கள். வருகிறவர்களுக்கு நாற்காலி இல்லாத ஆபீசில் எரிக்க இத்தனை நாற்காலி இருந்தது எனக்குப் புதிய செய்தி. ‘முகமூடி மெய்ப்பிக்கும் விழா’ என்று பேனர் கட்டி, அதன் பக்கத்தில் செல்ஃபி எடுக்க ஓர் இடமும் ஒதுக்கியிருந்தார்கள். தீயணைப்பு வண்டியை மட்டும் கூப்பிடவில்லை. இது மாதிரிக்கு வைத்த தீ, அசல் தீ அல்ல என்றார்கள்.

முகமூடி வந்தது. அதன் நெற்றியில் பல வருஷத்துக் குங்குமம் அப்பம்போலக் காய்ந்திருந்தது. லோகநாதன் அதை மாட்டிக்கொண்டு, காலடிகளை எண்ணும் கைக்கடிகாரத்தைத் தட்டிவிட்டு, கொட்டகைக்குள் நடந்தார். பீரோவிலேயே வயதாகிப்போன ரப்பர், சூடு பட்டதும் அப்பளம்போல நொறுங்கிவிட்டது. உள்ளே இருமல் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

வெளியே எல்லோரும் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

ஜெபராஜ் என் தோளில் கிடந்த துண்டை உருவினார். குடிதண்ணீர் வாளியில் முக்கினார்.

“நசீர் அண்ணே, அவரப் புடிங்க!” என்று யூனிஸ் கத்தினாள்.

நான் கையை நீட்டுவதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். காலரைப் பிடித்து அதிகாரியை இழுத்து வந்து வெளியே போட்டுவிட்டு, பக்கத்திலேயே சரிந்து உட்கார்ந்தார். அதிகாரியின் ஒரு ஷூ புகையோடு போயிருந்தது. என் செருப்புக் கணக்கில் பாதி தீர்ந்தது.

அன்று மாலையே உத்தரவு வந்துவிட்டது. பணியின்போது புகையால் பாதிக்கப்பட்ட திரு. லோகநாதனுக்கு முழு வைத்தியமும் இலவசம். திட்டத்தின் முதல் பயனாளி அவர்தான்.

ஜெபராஜுக்கும் உத்தரவு வந்தது. ‘கனமான அதிகாரி ஒருவரை இழுத்து வரும் அளவுக்கு மனுதாரர் தேக ஆரோக்கியத்துடன் இருப்பது நேரில் கண்டறியப்பட்டதால், அவர் நோயாளி என்ற வாதம் ஏற்கத்தக்கதல்ல.’

மறுபடியும் அதே மண்டபத்தில் விழா. லோகநாதன் உட்கார்ந்தபடியே பேசினார். நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஜெபராஜுக்கு இன்னொரு பொன்னாடை. மண்டபமே கைதட்டியது.

“நீங்க எதுக்குண்ணே தட்டுனீங்க?” என்றாள் யூனிஸ்.

“ஜெபராஜுக்குத்தாம்மா தட்டினேன்.”

“அவருக்குன்னா அந்த ஆபீசரு சட்டையப் புடிச்சிருக்கணும்.”

நான் ஆட்டோவைக் கிளப்பினேன். அவர்கள் சர்ச் சபை மக்களும் பம்மல் கடைக்காரர்களும் கொடுக்கிறதை வைத்து வைத்தியம் விட்டுவிட்டு நடக்கிறது. பொன்னாடைகளைக் கிழித்து அவள் தலையணை உறை தைத்துவிட்டாள். சரிகை கன்னத்தைக் குத்துகிறது என்கிறார் ஜெபராஜ்.

அந்தக் களேபரத்துக்குப் பிறகு அரசாங்கம் நிலையத்துக்குப் புது முகமூடிகள் வாங்கிக் கொடுத்தது. ஆயுத பூஜையன்று ஜெபராஜ் கூப்பிட்டார் என்று நானும் போயிருந்தேன். கண்ணாடி பீரோவில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், புது முகமூடிகள் வரிசையாக இருந்தன. உறைமேலேயே குங்குமம் வைத்திருந்தார்கள். தட்டு நிறையப் பொரி கொடுத்தார்கள். நாட்டுச் சர்க்கரை தாராளமாகப் போட்டிருந்தது.

அப்போது மணி அடித்தது. பெருங்களத்தூரில் குடோன் தீ. பையன்கள் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வண்டியில் தாவினார்கள். ஜெபராஜ் ஓடிப்போய் பீரோக் கண்ணாடியைத் தட்டித் தட்டி, “இத எடுத்துக்கினு போங்கடா! இத எடுங்கடா!” என்று கத்தினார். காற்றுதான் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

நான் சத்தம் போட்டிருக்கலாம். வாய் நிறையப் பொரி இருந்தது.