படுத்த சீட்டு காவல் காக்காது

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. என் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உங்கள் முழங்கால்களும், சம்பந்தியம்மாவும், ஓய்வு பெற்ற பிறகும் நீங்கள் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாத உங்கள் பள்ளிக்கூடமும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நேற்று மாலை உங்கள் மகளுக்குப் போன் செய்து, "போன வீட்டுல உக்காந்து சீட்டு விளையாடுறியாமே? ஞாயித்துக்கிழமை வர்றேன். எல்லாத்தையும் எடுத்து வை, நானே கொளுத்திட்டுப் போறேன்" என்றீர்கள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. தலைமையாசிரியராக இருந்தவர் குரல் போனைத் தாண்டி அடுத்த அறைக்கு வருவது இயற்கை. அவள் "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள். சீட்டுப் பெட்டியைத் தூக்கி பீரோ மேலே வைத்துவிட்டு, ஏற்கெனவே மடித்திருந்த துணியை மறுபடி மடிக்க உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்குச் சீட்டில் இறுதிப் போட்டி. எனக்கு மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

முதலில், அது சூதாட்டம் இல்லை. நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து பார்த்துப் பார்த்து அடுக்கிவைத்த சீட்டுக்கட்டை நான் ரம்மி என்று எண்ணி, நன்றாகக் கலைத்து ஆளுக்குப் பதின்மூன்று போட்டேன். வேறு ஒருத்தியாக இருந்தால் பேச்சை நிறுத்தியிருப்பாள். இவள் சிரித்துவிட்டு, "உக்காருங்க மாமா, சொல்லித் தர்றேன். இதுல ஒவ்வொரு சீட்டும் ஒரு வீரன்" என்றாள். ஆழம் தெரியாமல் காலை விட்டேன். இறக்கிய வீரனை உடனே சண்டைக்கு அனுப்பினேன். "இப்பத்தானே வந்து எறங்கியிருக்கான், மூச்சு வாங்கட்டும். அடுத்த முறைதான் அடிக்கலாம்" என்றாள். வந்த முதல் நாளே ஆளைப் போட்டு வாட்டக்கூடாது என்ற நியாயம் நாம் வேலை பார்த்த எந்த இடத்தில் இருந்தது, சொல்லுங்கள் பார்ப்போம். அடுத்த முறை ஒருவனையும் மிச்சம் வைக்காமல், இருந்த எல்லோரையும் கொண்டு அவளை அடித்தேன். அடித்த சீட்டைப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டுமாம், வைத்தேன். அவள் முறை வந்தபோது என் பக்கம் மொத்தமும் படுத்திருந்தது. திறந்த வீட்டில் நுழைவதுபோல் நுழைந்து என் உயிரை எடுத்துவிட்டாள். "அடிச்ச சீட்டு படுத்துடும் மாமா. படுத்த சீட்டு காவல் காக்காது" என்றாள். இன்றைக்கும் எனக்கு அது பாடம்.

காவல் சீட்டு என்று ஒன்று உண்டு. அது நிமிர்ந்து நிற்கும்வரை பின்னால் இருப்பவர் மேல் எவரும் கைவைக்க முடியாது. முதலில் அதைத்தான் அடித்தாக வேண்டும். கண் மருத்துவமனையில் டோக்கன் கொடுத்தே தலை நரைத்தவன் நான். என்னைத் தாண்டி டாக்டர் அறைக்குள் ஒரு ஈ போனதில்லை. அதனால் இந்த விதி எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆனால் குறி வைக்கிற சீட்டு வேறு. அது காவலை மதிக்காது. வரிசையில் நிற்காமல் டாக்டருக்கே நேராகப் போன் போட்டு உள்ளே போவார்களே மருந்துக் கம்பெனிக்காரர்கள், அந்த மாதிரி. குறியே வைக்க முடியாத சீட்டும் உண்டு. ஆனால் பொதுவாக எல்லோர் மேலும் விழும் அடி அதன் மேலும் விழும். என் வீட்டுக்காரி அந்த ரகம். "யாரோ விளக்கை அணைக்கலை" என்று பொதுவாகச் சொல்லலாம். "நீதான் அணைக்கலை" என்று விரல் நீட்ட இந்த வீட்டில் ஆள் கிடையாது.

போன வாரம் சைக்கிள் கடை மாடியில் அரையிறுதி. எதிரே ஒரு தாடிக்காரர், நாற்காலியே போதாத உடம்பு. நம் பெண் பொறுத்தாள், பொறுத்தாள், ஒரே ஒரு காவல் சீட்டை மட்டும் படுக்க விடாமல் வைத்திருந்தாள். தாடிக்காரர் பொறுமை இழந்து மொத்தப் படையையும் அனுப்பினார். காவல் சாய்ந்தது, அவள் தப்பித்தாள், அவர் பக்கம் எல்லாம் படுத்துக் கிடந்தது. பிறகு நடந்ததைக் கண்ணாலே பார்க்க வேண்டும் சம்பந்தி! நான் எழுந்து நின்று கைதட்டினேன். "சத்தம் போடாதீங்க ஐயா. உங்க பொண்ணா?" என்று கடைக்காரர் கேட்டார். "ஆமா, என் பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டேன். திருத்தத் தோன்றவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீங்கள் செய்தது அடிகூட இல்லை, குறி. வாசலில் நான் ஒருவன் இருக்க, என்னைத் தாண்டி நேராக அவள் தலையில் இறக்கினீர்கள். அவள் மதிப்பெண் வாங்கியபோது மேடையேறிப் போட்டோ எடுத்துக்கொண்டவர், அவள் ஜெயிக்கிறபோது தீப்பெட்டியோடு வருவதா? கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து ஒழுக்கம் பற்றி நீங்கள் பேசிய பேச்சில் சாப்பாடு ஆறியது. நான் வாய் திறந்தேனா? நான் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். வந்தால் மரியாதை கெடும்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு ஆசியையும் பங்கிட்டுக் கொடுக்கவும். கோபம் முழுவதும் தங்களுக்கு மட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் தகப்பன்

பி.கு.: உறை தேடி எடுத்து வருவதற்குள் மருமகள் இதைப் படித்துவிட்டாள். "என்ன மாமா பண்ணி வெச்சிருக்கீங்க? இங்க நீங்கதான் என்னோட காவல் சீட்டு. அப்பாவை இந்த அடி அடிச்சிருக்கீங்களே, இப்ப நீங்க படுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை அவர் வந்தா எனக்கு யாரு இருக்கா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் வீட்டில் தாள் இல்லை. ஆகவே மேலே எழுதிய எதையும் அடியாகக் கருத வேண்டாம், எல்லாமே நலம் விசாரிப்பு. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள், காலையிலேயே வாருங்கள். சீட்டுப் பெட்டியை பீரோ மேலிருந்து நானே இறக்கி அவள் கையில் கொடுத்துவிட்டேன். முழங்கால் எப்படி வலித்தாலும் அன்றைக்கு நான் வாசலில் உட்காரப் போவதில்லை, நிமிர்ந்துதான் நிற்பேன். விதிப்படி, முதலில் என்னைத்தான் நீங்கள் அடிக்க வேண்டும்.