பெட்டி தேடப் போன சம்பந்தியம்மாள்

பெட்டி கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது என்று போன் சொன்னது. தென்னந்தோப்பைத் தாண்டி ஒரு பாறை, பாறைக்கடியில் பெட்டி. ஆனால் நடுவில் ஒரு கேட் சாத்தியிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு புவனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு யாராவதாக இருந்தால் சுற்றிப் போய் வேலியில் புகுந்திருப்பார்கள். புவனா அந்த ரகம் இல்லை. துடியலூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். சொந்த வீட்டுக் காம்பவுண்டுக்குள் திரும்புவதற்கும் இண்டிகேட்டர் போடுகிற ஆள். அவளிடம் போய் வேலி தாண்டச் சொன்னால் நடக்குமா?

இது என்ன பெட்டி, என்ன கூத்து என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஜியோகேச்சிங் என்று ஒரு பொழுதுபோக்கு. ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்து, இடத்தின் குறிப்பை மட்டும் போனில் போடுவார். மற்றவர்கள் வேலை வெட்டியை விட்டுவிட்டுத் தேடிப் போய், உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளே கிடக்கும் சின்னப் பொருள் எதையாவது எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். பரிசு உண்டா என்றால் கிடையாது. ஆனால் தாளில் முதல் பெயர் யாருடையதோ அவருக்கு ஒரு மவுசு உண்டு.

அந்த மவுசுதான் புவனாவுக்கு வாய்க்கவில்லை. மதுக்கரையில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜெரோம், கோவையைச் சுற்றி எந்தப் புதுப் பெட்டி வந்தாலும் முந்திக்கொள்வான். புவனா மூச்சு வாங்கப் போய்த் திறந்தால் தாளின் தலையில் அவன் பெயர் இருக்கும். பெயரோடு விட்டானா, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு வரைந்திருப்பான். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. இன்று காலை கோபிசெட்டிபாளையம் பக்கம் புதுப் பெட்டி என்று போனில் வந்ததும், ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களை எல்லாம் நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, எல் போர்டு மாட்டிய காரிலேயே கிளம்பிவிட்டாள். இந்த ஒரு தடவை முதல் பெயர் அவளுடையதாக இருக்க வேண்டும். செத்தாலும் சரி.

இங்கேதான் சிக்கல். அடுத்தவர் நிலத்தில் கால் வைப்பதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் மரியாதை. விளையாடாதவர்களிடம் பெட்டி விஷயத்தை உளறக் கூடாது என்பதும் மரியாதை. இரண்டையும் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் வகுப்பெடுப்பவளே புவனாதான்.

"ஏனுங்க, யாருங்க வேணும்?" என்றார் அந்த அம்மாள்.

"உங்க தோட்டத்தை ஒருக்கா பாத்துக்கலாங்களா?" என்றாள் புவனா. பொய் இல்லையே, பாறையும் தோட்டத்தில்தானே இருக்கிறது.

அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். காரைப் பார்த்தார். புவனாவின் கையிலிருந்த போனையும் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"நம்ம கிருபாசங்கர் விசயமா வந்தீங்களா? அதானே பாத்தேன். பொண்ணு ஊட்டுக்காரங்க இப்பெல்லாம் சொல்லாமத்தானுங்க வாராங்க. வாங்க, வாங்க."

வெள்ளாமை பார்க்கிற பையனுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு பாடு என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பெண் வீட்டார் பையன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கிணற்றில் தண்ணீரைப் பார்க்கிற காலம். இல்லீங்க, நான் அதற்கு வரவில்லை என்று புவனா அப்போதே சொல்லியிருக்கலாம். அப்புறம் எதற்கு வந்தாய் என்று கேட்பார்களே. தோட்டம் பார்க்க வந்த சம்பந்தியம்மாள் என்றால் பாறை வரைக்கும் ராஜமரியாதையோடு நடக்கலாம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலிருந்தது.

"ஆமாங்க," என்றாள். உள்ளே வந்து கேட்டை மறக்காமல் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள். அதுவும் மரியாதை.

புவனாவுக்கு இரண்டும் பையன்கள். இருந்தாலும் அந்த அம்மாள், தெய்வாத்தாள் என்று பெயர், நாற்காலி எடுத்துப் போடுவதற்குள் அவளுக்குப் பிரத்யுஷா என்று ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, பி.இ. முடித்து, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். தெய்வாத்தாள் காபி வைக்கிறேன் என்று உள்ளே போனார். தணிந்த குரலில் யாருக்கோ போன் பேசுவது கேட்டது. சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்கிறார் போலிருக்கிறதே என்று புவனா நினைத்தாள். பக்கத்துத் தோட்டத்துப் பழனியாத்தாள் பின்வாசல் வழியாக வந்து, புவனாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தெய்வாத்தாளிடம் ஏதோ கேட்டுக்கொண்டு வேகமாகப் போனாள். செய்தி ஊருக்குள் பரவத் தொடங்கிவிட்டது, சீக்கிரம் முடித்துக்கொண்டு ஓட வேண்டும் என்று புவனா முடிவு செய்தாள்.

காபி குடித்ததும் எழுந்து, அந்தப் பாறைப் பக்கம் போகலாமா என்று கேட்டாள்.

"அங்க என்னங்க இருக்குது, வெறும் கல்லு. மொதல்ல கெணத்தைப் பாருங்க," என்றார் தெய்வாத்தாள்.

கிணறு பாறைக்கு நேர் எதிர்த்திசையில் இருந்தது. கிணற்றைப் பார்த்த பிறகு மோட்டார் ரூம். அதன் பிறகு மாட்டுக் கொட்டகை. ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கதை இருந்தது, ஒன்றைக்கூட அந்த அம்மாள் விடவில்லை. பிறகு வாழை. புவனாவின் கையில் போனின் அம்புக்குறி பாவம், முதுகுப் பக்கமே காட்டிக்கொண்டு வந்தது.

சரி, சம்பந்தத்தையே முறித்துவிட்டால் விடுவார்கள் அல்லவா? ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், பெண் கொடுத்து எடுக்கிற வழக்கம் கிடையாது. ஒரே கூட்டம் என்றால் இரண்டு வீடும் பங்காளி ஆகிவிடும், கல்யாணப் பேச்சு அத்தோடு சரி. தெய்வாத்தாள் எந்தக் கூட்டத்தைச் சொன்னாலும் நாங்களும் அதேதான் என்று சொல்லிவிடுவது என்று கணக்குப் போட்டு, நீங்கள் என்ன கூட்டம் என்று கேட்டாள்.

"வந்தவங்க மொதல்ல சொல்றதுதானுங்க மொறை," என்றார் தெய்வாத்தாள்.

புவனா கண்ணை மூடிக்கொண்டு காடை கூட்டம் என்றாள்.

"நாங்க ஆந்தை. பொருத்தம் தானா வந்து அமையுது பாருங்க."

அப்போது கேட் கிறீச்சிட்டது. திறந்த கேட்டைத் திறந்தபடியே போட்டுவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே ஜெரோம் உள்ளே வந்துகொண்டிருந்தான். அனுமதியும் கேட்கவில்லை, ஆள் இருக்கிறார்களா என்றும் பார்க்கவில்லை. நேராகப் பாறையைப் பார்த்து நடந்தான். புவனாவுக்கு ரத்தம் கொதித்தது. இவ்வளவு பொய்யும் சொல்லி, அத்தனை மாட்டின் கதையும் கேட்டு, கடைசியில் முதல் பெயர் இவனுக்கா?

"அது யாருங்க, தோட்டத்தை அளக்கற மாதிரி நடக்கறாரு? சர்வேயரையே கூட்டியாந்துட்டீங்களா?" என்றார் தெய்வாத்தாள்.

"என்ற தம்பிங்க," என்றாள் புவனா. "பொண்ணுக்குத் தாய்மாமன்."

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான பொய்யை அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. தாய்மாமனை நிற்க வைத்து அனுப்பினால் ஊர் சிரிக்காதா? தெய்வாத்தாள் போன வேகத்தில் ஜெரோமின் கையைப் பிடிக்காத குறையாக வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். பேர் என்ன என்று அவனிடம் கேட்டதற்கு, குமாரசாமி என்று புவனா பதில் சொன்னாள். ஜெரோம் புவனாவைப் பார்த்தான். சூழ்நிலையைப் புரிந்துகொள்ள அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு, "வணக்கமுங்க," என்றான். உண்மையைச் சொன்னால் இரண்டு பேரும் வெளியேற வேண்டியதுதான் என்று அவனுக்கும் தெரியும்.

தாய்மாமன் வெறும் காபியோடு போவதா, சந்தகை பிழிந்து போடுகிறேன் என்று தெய்வாத்தாள் கிளம்பிவிட்டார். சந்தகை என்பது நினைத்ததும் தட்டில் விழுகிற பண்டமா? மாவை ஆட்டி, வேக வைத்து, சூடாக இருக்கும்போதே அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். பிழிவதற்கு ஒரு ஆண் கை வேண்டும். தாய்மாமன் கைதான் கிடைத்தது. ஜெரோம் அச்சுக் கட்டையைத் திருகித் திருகி வேர்த்துப்போனான். புவனா கை கழுவிவிட்டு வருகிறேன் என்று இரண்டு முறை நழுவிப் பார்த்தாள். இரண்டு முறையும் தெய்வாத்தாள் சொம்பில் தண்ணீரோடு எதிரே நின்றார்.

"யக்கா, எத்தனை நேரமுங்க இது?" என்று ஜெரோம் கிசுகிசுத்தான்.

"உன்னைய யாரு வரச் சொன்னா?" என்றாள் புவனா.

தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றிச் சந்தகையைச் சாப்பிட்டு முடித்ததும் ஜெரோம் ஒரு யோசனை செய்தான். இழுத்துக்கொண்டே போவதால்தானே உட்கார வைக்கிறார்கள், ஒரே போடாகப் போட்டு முடித்துவிடலாம் என்பது அவன் எண்ணம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தாய்மாமன் என்கிற முறையில் தனக்குப் பரிபூரண சம்மதம், இனிப் பேசுவதற்கு ஒன்றும் இல்லை, உத்தரவு கொடுத்தால் தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறோம் என்றான்.

"தாய்மாமனே சொல்லிப்போட்டாரு. அப்பறம் எதுக்குங்க நாள் கடத்தறது," என்று தெய்வாத்தாள் எழுந்தார். உள்ளே போய் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மல்லிகைப்பூ எல்லாம் எடுத்து வந்து நடுவில் வைத்தார். இப்பவே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

புவனா ஜெரோமைப் பார்த்த பார்வையில் பச்சை வாழை எரிந்திருக்கும்.

தெய்வாத்தாள் தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ற பையன் தங்கமுங்க. வெள்ளாமை பாக்கறான்னு ஒருத்தரும் பொண்ணு குடுக்கலீங்க. யாராச்சும் பாக்க வாராங்கன்னு சொன்னாப் போதும், சட்டைய இஸ்திரி போட்டுப்போட்டு உக்காந்திருப்பான். வந்து பாத்துப்போட்டுப் போவாங்க. அப்பறம் ஒரு போன்கூட வராதுங்க."

 ஒரு தாளில் முதல் பெயர் எழுதுவதற்காக ஒரு தாயின் மனசில் இல்லாத மருமகளைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டோமே என்று புவனாவுக்கு வெட்கமாக இருந்தது. எடுத்ததற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும் என்று ஊருக்கே சொல்கிறவள், இந்த அம்மாளின் நம்பிக்கையை எடுத்துக்கொண்டு எதை வைக்கப் போகிறாள்? உண்மையைச் சொன்னால் துரத்துவார்கள், பெட்டியும் போகும், முதல் பெயரும் போகும். போகட்டும். ஜெரோம் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"என்னை மன்னிச்சுக்கோங்க," என்றாள் புவனா. "எனக்குப் பொண்ணே கெடையாதுங்க. ரெண்டும் பசங்க. இவன் என்ற தம்பியும் இல்லை, பேரு ஜெரோம். உங்க பாறைக்கடியில இருக்கற ஒரு பொட்டியத் தேடி வந்தோமுங்க. அதுல மொதப் பேரு என்றதா இருக்கோணும்னு, வாயில வந்ததெல்லாம் சொல்லிப்போட்டேன். நீங்க என்ன திட்டினாலும் தகுமுங்க."

சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், தெய்வாத்தாள் அவளைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. கண்ணீர் இருந்த இடமே காணோம். எட்டி எட்டிப் பின்வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்வாசலில் பழனியாத்தாள் வந்து நின்றாள். ஓடி வந்திருக்கிறாள் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது. தாம்பாளத்தையும் மல்லிகைப்பூவையும் அங்கே உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, கல்யாணப் பேச்சு போதுமுங்க, நம்ம கிருபாவும் அவன் பொண்டாட்டியும் டவுன்ல இருந்து வந்து, எடத்தை மட்டும் போன்ல போட்டுப்போட்டு வெக்க மறந்துபோன பொட்டியப் பாறைக்கடியில வெச்சுப்போட்டாங்க, இனி இவங்க போய்த் தேடிக்கட்டுமாமா."