கரை சேர்ந்த டவுசர்

உயிர்காப்பாளர் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு குழுவிடமும் முதல் நாள் காலையில் நான் ஒரே விஷயத்தைத்தான் சொல்வேன். “தண்ணியில எறங்குறதுக்கு முன்னாடி, எனக்கு எல்லாம் தெரியும்ங்கிற நெனப்பைக் கழட்டிக் கரையில வச்சிருங்க.” இதைச் சொல்லும்போது என் முகத்தில் அனுபவ ஞானம் வழிவதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். சிலர் நோட்டில் எழுதியும் வைக்கிறார்கள். உண்மையில் அப்போது என் முகத்தில் வழிவது அசடு. நான் அந்த நினைப்பைக் கழற்றாமல் தண்ணீரில் குதித்ததால், கழன்றிருக்கவே கூடாத வேறொன்று கழன்றுபோனது.

அப்போது அழகர்கோவில் ரோட்டில் ஒரு ஓட்டலின் நீச்சல் குளத்தில் வேலை பார்த்தேன். குளத்தில் விழும் வேப்பிலையை வலையால் அள்ளுவது, துண்டு எடுத்துக் கொடுப்பது, மீதி நேரத்தில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உலகத்தையே காப்பவன் மாதிரி நிற்பது. இதுதான் உத்தியோகம். சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம். மழை எட்டிப்பார்க்காத ஊரிலிருந்து வந்தவனுக்குத் தண்ணீரில் வேலை என்பதே எங்கள் வீட்டாருக்குப் பெரிய பெருமை.

இந்தப் பெருமையில்தான் மண் விழுந்தது. சான்றிதழ் இல்லாதவர்கள் இனிமேல் குளத்துப் பக்கம் நிற்கக் கூடாது என்று ஓட்டலின் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“தவமணி, அஞ்சு நாள் கோர்ஸ். கடைசி நாள் பரீட்சை. நம்ம குளத்துலதான் நடக்கப்போகுது. பாஸ் பண்ணினா இங்க. இல்லேன்னா கார் பார்க்கிங். அங்கயும் விசில் உண்டு, கவலைப்படாத.”

(விசில் உண்டு என்பதில் அவருக்கு இருந்த கருணையை நான் இன்றும் மறக்கவில்லை.)

பார்க்கிங்கைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அப்போதுதான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் கவிதா, பழங்காநத்தம். பத்திரிகை அடிக்க வேண்டும். கவிதா பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி., பி.எட். என்று எழுத்துகள் வரிசை கட்டி நின்றன. என் பெயருக்குப் பின்னால் முற்றுப்புள்ளி மட்டும்தான் இருந்தது. மாமனார் அச்சகத்திலிருந்தே போன் செய்தார்.

“மாப்ள, சபையில நாலு பேரு படிக்கிறது. உங்க பேருக்குப் பக்கத்துல ஏதாச்சும் போடணும்ல?”

“மாமா, ஒரு வாரம் பொறுங்க. சான்றிதழ் பெற்ற உயிர்காப்பாளர்னு போட்டுக்கலாம்.”

“அது எம்புட்டுப் பெரிய படிப்பு மாப்ள?”

“உசுரைக் காப்பாத்துற படிப்பு மாமா. டாக்டருக்கு அடுத்து நாங்கதான்.”

இன்று பிள்ளைகளிடம் கழற்றி வைக்கச் சொல்வது இந்த வாய்க்கொழுப்பைத்தான். பத்திரிகை அச்சேறாமல் எனக்காகக் காத்திருந்தது. என் வேலையும் மரியாதையும் அந்த ஒரு சான்றிதழில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் எனக்குத் துளி பயமில்லை. நடக்கப் பழகிய கையோடு கிணற்றில் குதித்தவனுக்கு நீச்சலில் என்ன பரீட்சை?

சென்னையிலிருந்து வந்த ஜெயபால் சார்தான் பயிற்சியாளர், பரீட்சை வைப்பவரும் அவரே. ஐம்பது வயதிலும் தொப்பை என்ற சொல்லை அறியாத உடம்பு. எல்லாவற்றையும் முறைப்படி செய்பவர். முதலுதவி, கயிறு எறிவது, மிதவை எறிவது, மார்பை அழுத்தி மூச்சு வரவைப்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, இதெல்லாம் கிணறு இல்லாத ஊர்க்காரர்களுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள், மூழ்குபவரை எப்படிப் பிடித்து இழுத்து வருவது என்ற வகுப்பு. அன்று கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கும் நாள். சாரிடம் அனுமதி கேட்டேன்.

“முக்கியமான வகுப்புப்பா இது,” என்றார்.

“ஆளைத் தூக்குறதுதான சார்? அது நமக்குக் கைவந்த கலை.”

கூடப் படித்த தனலட்சுமி, குழுவில் இருந்த ஒரே பெண், “அண்ணே, நோட்ஸ் எடுத்து வைக்கவா?” என்று கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புடவை பார்க்கப் போனேன்.

பரீட்சை நாள். என் வீரத்தைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதற்காகக் கவிதாவின் அண்ணன் செல்வம் வந்திருந்தார். செல்போன் கடை வைத்திருப்பவர். கடையிலேயே நல்ல கேமரா உள்ள போனாகப் பார்த்து எடுத்து வந்திருந்தார். அதற்கு இப்போதும் வருந்துகிறேன்.

முதல் சோதனை, குளத்தை நீளவாக்கில் நான்கு முறை கடக்க வேண்டும். விசில் அடித்ததும் பாய்ந்தேன். முதல் பத்துப் பன்னிரண்டு கை, அம்பு மாதிரிதான் போனேன். அதற்குப் பிறகு என் உடம்பு தானாக இடது பக்கம் திரும்பிவிட்டது. எங்கள் ஊர்க் கிணறு வட்டமானது. கொஞ்சம் கை போட்டாலே எதிர்ச்சுவர் மூக்கில் இடிக்கும். ஆகவே எங்களுக்கு நீந்துவது என்றால் சுற்றுவது. நேராகப் போவதற்குக் கிணற்றில் இடமேது? பக்கத்து வரிசைக்காரனின் விலாவில் போய் முட்டினேன். திரும்பினேன். மறுபக்கத்துக்காரன் முதுகில் ஏறினேன்.

“தம்பி, கோடு! கீழ இருக்கிற கோட்டைப் பாரு!” என்று ஜெயபால் சார் கரையில் கூடவே ஓடிவந்தார்.

“நல்லாச் சுத்துறீங்க மாப்ள! வாங்க வாங்க!” என்று செல்வம் உற்சாகப்படுத்தினார்.

ஒருவழியாகக் கடைசி ஆளாகக் கரை தொட்டேன். மற்றவர்களைவிட நான் நீந்திய தூரம் எப்படியும் ஒன்றரை மடங்கு இருக்கும். “தூரம் குறையல, திசைதான் குறையுது,” என்று முணுமுணுத்தபடி சார் மதிப்பெண் போட்டார். தப்பித்தேன்.

அடுத்ததுதான் மீட்புச் சோதனை. ஜெயபால் சாரே குளத்து நடுவில் மூழ்குபவராக நடிப்பார். ஒவ்வொருவராகக் குதித்து அவரைக் கரை சேர்க்க வேண்டும். “யார் முதல்ல?” என்று அவர் கேட்டபோது, கொஞ்சம் அறிவுள்ளவனாக இருந்தால் பின்வரிசையில் நின்று நாலு பேர் செய்வதைப் பார்த்திருப்பேன். செல்வம் மச்சான் கடை திறக்கப் போக வேண்டும் என்று அவசரப்பட்டார். நான் கையைத் தூக்கினேன்.

சார் நடுக்குளத்துக்குப் போய்க் கையை உதறினார். தலை உள்ளே போனது, வெளியே வந்தது. “ஐயோ, காப்பாத்துங்க!” என்று கத்தினார். நானும் குதித்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் கிணற்றில் யாராவது திணறினால், முன்னால் போக மாட்டோம். கட்டிப்பிடித்து நம்மையும் சேர்த்து அமுக்கிவிடுவார்கள். முங்கிப் பின்பக்கமாகப் போய், இடுப்பில் கையை விட்டு அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுப்போம். எங்கள் ஊரில் கயிறு கட்டாத ஆண் இடுப்பே கிடையாது. பெட்டிக்குக் கைப்பிடி மாதிரி, பிடித்துத் தூக்க அதைவிட வசதியானது இல்லை. பிடித்துவிட்டால் ஆள் என்ன கத்தினாலும், எவ்வளவு உதறினாலும் விடக் கூடாது.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு முங்கினேன். பின்பக்கம் போனேன். இடுப்பில் கையை விட்டேன். கயிறு இல்லை. வலது பக்கம் துழாவினேன். இடது பக்கம் துழாவினேன். சென்னைக்காரர்கள் கட்டாமலும் இருப்பார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஏதோ தளர்வாகக் கட்டியிருக்கிறார், முன்பக்கம் இறங்கியிருக்கும் என்று கையை அங்கே கொண்டுபோனேன். அப்பாடா, ஒரு கயிறு அகப்பட்டது. சுண்டி இழுத்து, துணியோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்து உதைத்தேன்.

மேலே சாரின் குரல் கேட்டது. “டேய்! விடுடா! விடு!”

என்ன நடிப்பு என்று வியந்தேன். அவர் கால்களை உதற உதற, நான் பிடியை இறுக்கினேன். திடீரென்று பாரம் லேசாகிவிட்டது. சார் ஒத்துழைக்கத் தொடங்கிவிட்டார் என்று மகிழ்ந்து, மிச்சத் தூரத்தை ஒரே மூச்சில் கடந்து, கரையைத் தொட்டு, கையை உயர்த்தினேன்.

கையில் டவுசர் இருந்தது. சார் இல்லை.

சார் நடுக்குளத்தில், கழுத்தளவுத் தண்ணீரில், முதல்முறையாக நடிக்காமல் நின்றுகொண்டிருந்தார். சுத்தமான குளம். காலையில் நான்தான் பளிங்கு மாதிரி சுத்தம் செய்து வைத்திருந்தேன். பரீட்சையைப் பார்க்க வந்திருந்த மேனேஜர் சட்டென்று திரும்பி வேப்பமரத்தைக் கவனிக்க ஆரம்பித்தார். செல்வம் மட்டும் போனை இறக்கவில்லை.

அந்த நேரத்தில் தனலட்சுமி ஒருத்திதான் படித்ததை மறக்காமல் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த வட்ட மிதவையை எடுத்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே குறி தவறாமல் எறிந்தது. சார் அதற்குள் தன்னைச் செருகிக்கொண்டு, துண்டு வரும்வரை அசையாமல் நின்றார். நின்ற இடத்திலிருந்தே சொன்னார்: “நீ பாஸும்மா. உனக்குத் தனியா டெஸ்ட் வேண்டாம்.”

பிறகு துண்டைச் சுற்றிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவராகக் கேட்டார்.

“யாருப்பா உனக்கு இப்படிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது?”

“எங்கூர்ல அரணாக்கயித்தைப் பிடிச்சுத்தான் சார் தூக்குவோம். நானே ரெண்டு உசுரைத் தூக்கியிருக்கேன்.”

“ரெண்டு பேரையா?”

“ஒண்ணு எங்க சித்தப்பா மகன் சார். இன்னொண்ணு ஆடு.”

“ஆட்டுக்கும் இடுப்புல கயிறா?”

“அதுக்குக் கழுத்துல சார்.”

துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தாளில் எழுதினார். இந்தப் படிப்பில் பெயில் என்று எழுதும் வழக்கமில்லை. ‘இன்னும் தகுதி பெறவில்லை’ என்றுதான் எழுதுவார்கள். அதன் கீழே, ‘பத்து நாளில் மறுதேர்வு. நான்காம் நாள் வகுப்பு கட்டாயம்’ என்று அடிக்கோடிட்டார்.

நான் ஓட்டல் வாசலுக்கு வருவதற்குள் படம் பழங்காநத்தம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் கவிதாவிடமிருந்து போன் வந்தது. கல்யாணம் நின்றது என்றே முடிவு செய்தேன். எடுத்தால் மறுமுனையில் பேச்சே இல்லை, தேம்பும் சத்தம்தான்.

“கவிதா, அழாத. பார்க்கிங்ல வேலை பாத்தாவது உன்னை…”

“அழுகலைங்க,” என்றாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது. “அந்த சாரு மூஞ்சியை இப்பத்தான் பன்னெண்டாவது வாட்டி பாக்கேன். எங்கப்பா பத்திரிகையைப் பத்து நாள் நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாரு. ஒழுங்காப் படிச்சிட்டு வாங்க.”

நிச்சயமான பெண் என்பதைத் தாண்டி, அவளை எனக்கு மனதாரப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான்.

பத்து நாளும் ஒழுங்காகப் படித்தேன். தனலட்சுமியின் நோட்ஸை மனப்பாடம் செய்தேன். நம் கை மூழ்குபவரின் அக்குளுக்குக் கீழேதான் போக வேண்டும், இடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. மறுதேர்வுக்கு ஜெயபால் சார் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு டவுசர் போட்டு, மேலே பெல்ட்டும் கட்டி வந்தார். அவரை முழுசாகக் கரை சேர்த்தேன். பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் ‘சான்றிதழ் பெற்ற உயிர்காப்பாளர்’ என்று முற்றுப்புள்ளியோடு வந்தது. அதைப் படித்த சொந்தக்காரர்களில் சிரிக்காதவர் யாருமில்லை.

இன்றும் வீட்டு விசேஷத்துக்கு நான் உள்ளே நுழைந்தால், “மாப்ள வாராரு, எல்லாரும் நாடாவை ஒருக்காச் சரி பாத்துக்கங்கப்பா,” என்று செல்வம் மச்சான் அறிவிப்பார். வேட்டி கட்டிய பெரிசுகள்கூட இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

எங்களுக்குப் பையன் பிறந்து பெயர் வைத்த அன்று ஜெயபால் சாரும் வந்திருந்தார். சின்ன டப்பா ஒன்றைத் திறந்து, வெள்ளி அரைஞாண் கொடியை எடுத்து, குழந்தையின் இடுப்பில் தன் கையாலேயே பூட்டினார்.

“உங்கப்பன் தண்ணியில தேடினா, உன்கிட்டயாவது இது கிடைக்கணும்,” என்று அவனிடம் சொன்னார்.

கூடத்தில் எழுந்த சிரிப்பில் குழந்தை வீறிட்டு அழுதது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றி சொல்ல அவர் பக்கம் ஓர் எட்டு வைத்தேன். அவர் ஓர் எட்டு பின்னால் போய், பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார்.