நாலு கிலோவுக்கு ஒரு சைக்கிள்

எடை மெஷின் மேல் நின்ற அஸ்லம் குனிந்து எண்ணைப் பார்த்தான். இறங்கினான். மெஷினைச் சமதரைக்கு நகர்த்தி மறுபடி ஏறினான். தொண்ணூற்று நாலு கிலோ எண்ணூறு கிராம். போன வாரம் சைக்கிள் வந்து இறங்கிய அன்று சரியாகத் தொண்ணூற்று நாலு.

"ஏழு நாள் மிதிச்சு எண்ணூறு கிராம் ஏறியிருக்கு" என்றான்.

கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஆஃபியா, "மெஷின் பொய் சொல்லுதோ என்னமோ மச்சான்" என்றாள்.

மெஷின் பொய் சொல்லாது. அதெல்லாம் மனிதர்கள் செய்கிற வேலை.

சவூதியில் தம்மாம் துறைமுகத்தில் அஸ்லமுக்கு வேலை கிடைத்திருந்தது. கப்பல் கப்பலாகக் கயிற்றேணியில் ஏறிச் சரக்குப் பார்க்க வேண்டும். ஏணிக்கு என்ன ஆகுமோ என்று கம்பெனி ஒரு சட்டம் வைத்திருந்தது: தொண்ணூறு கிலோவுக்கு ஒரு கிராம் கூடினாலும் ஆள் வேண்டாம். எடை பார்க்கிற மெடிக்கலுக்கு இன்னும் பதினாலு நாள் இருந்தது. தவறினால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆன ஆண் பெண்டாட்டி வீட்டில்தான் இருப்பான். வெளிநாடு போய் வந்துகொண்டிருக்கிறவரை அவன் மாப்பிள்ளை. அஸ்லம் துபாயிலிருந்து வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. பள்ளிவாசலுக்குப் போகும்போது ஒருத்தர், திரும்பும்போது ஒருத்தர், "எப்ப பயணம்?" என்று கேட்டே அவனைப் பாதி ஆளாக்கிவிட்டார்கள். பாதியானது மனசு மட்டும். எடை அல்ல.

சைக்கிளைச் சொன்னது தூத்துக்குடி டாக்டர் ஸ்டெபின்.

"இந்த எடைக்கு ஓடினா முட்டி போயிரும் பாய். வீட்டுக்குள்ள மிதிக்கிற சைக்கிள் வாங்குங்க. முட்டிக்குப் பாரம் இல்ல. வெயில் இல்ல, லாரி இல்ல, நாய் விரட்டாது. நெஞ்சுக்கு நல்லது, பிரஷர் இறங்கும், தூக்கம் வரும். தினம் முக்கால் மணி நேரம்."

டாக்டர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பதுதான் புத்தி. ஆனாலும் அஸ்லம் வாங்கினான். மாமியார் வீட்டுத் தெருவில் மாப்பிள்ளை அரை டவுசரோடு வேர்த்து வழிய சைக்கிள் ஓட்ட முடியாது. இது மாடியோடு போகும்.

மாடியோடு போகவில்லை. 'கர் கர்' என்ற சத்தம் கீழே அடுக்களைக்குக் கேட்டது.

மும்தாஜ் மாமி மருமகன் முன்னால் வந்து பேசுகிறவர் அல்ல. கதவுத் திரைக்குப் பின்னால் நின்று மகளிடம் பேசுவார். அது மருமகன் காதில் விழும்படிதான் இருக்கும்.

"மாப்புள வேர்க்க வேர்க்க மிதிக்கிறாஹ புள்ள. உடம்பு என்னத்துக்கு ஆவும்? இதைக் கொண்டு குடு."

'இது' என்பது ஒரு தட்டு வட்டிலப்பம். முட்டை, தேங்காய்ப்பால், உடன்குடிக் கருப்பட்டி. முக்கால் மணி நேரம் கரைத்ததெல்லாம் மூன்று கரண்டியில் திரும்பி வந்தது.

அஸ்லம் யோசித்தான். சத்தம் கேட்பதால்தானே தட்டு வருகிறது? சைக்கிளுக்கு அடியில் பழைய மெத்தையைப் போட்டு, விடிகாலை சுபுஹு தொழுகை முடிந்த கையோடு மிதித்தான்.

திரைக்குப் பின்னால் கவலையான குரல் கேட்டது. "சத்தம் குறைஞ்சு போச்சே புள்ள. மாப்புளக்குப் பெலன் இல்ல போல."

அன்றிலிருந்து காலையில் ஆட்டுக்கால் சூப்பும் நாலு முட்டையும் சேர்ந்தன.

"நீயே சொல்லிரு ஆஃபியா. நெய், இனிப்பு ரெண்டும் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

ஆஃபியா போய்ச் சொன்னாள். திரைக்குப் பின்னால் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"முப்பது வருசமா ஆக்குறேன். இப்ப எஞ் சோத்துல குறை வந்துட்டா?"

ஒரு மணி நேரத்தில் அஸ்லமின் உம்மா போன் செய்தார். அவர் வீடு இரண்டு தெரு தள்ளி.

"மாமி வீட்டுச் சோத்தைக் குறை சொன்னியாமே வாப்பா? தெருவே பேசுது. நான் எப்படி வெளிய தலை காட்ட?"

"குறை சொல்லல உம்மா. எடை..."

"எடையாவது மண்ணாவது! போய் நல்லா சாப்பிட்டு அவ மனசைக் குளிர வையி."

வெள்ளிக்கிழமை மதியம் அஸ்லம் திரைக்கு நேர் எதிரே உட்கார்ந்து இரண்டு தடவை நெய்ச்சோறு வாங்கிச் சாப்பிட்டான். "இந்த ருசி எங்கயும் கிடைக்காது" என்று சத்தமாகவும் சொன்னான். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் முதல் மூன்று தடவை.

தொண்ணூற்று ஐந்தரை. ஒன்பது நாள் இருந்தது.

பெற்ற தாயிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று மத்தியானம் உம்மா வீட்டுக்குப் போனான். "எனக்குக் கஞ்சி மட்டும் போதும் உம்மா" என்றான்.

உம்மா நெஞ்சில் கை வைத்தார். "கஞ்சி கேட்டு வாரியே! அந்த வீட்ல உனக்கு வயித்துக்குப் போடலையா?"

கோழி அடித்தார். மறுநாள் அவர் வீட்டிலிருந்து டிபன் கேரியர் வந்தது. அதைப் பார்த்த மும்தாஜ் மாமி அடுக்களையில் இரண்டாவது அடுப்பையும் பற்ற வைத்தார். ஒரு வயிற்றுக்கு இரண்டு வீடு போட்டி போட்டது.

மாடி ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் மாமனார் மூஸா நெய்னா எப்போதும் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பார். நாளைக்கு ஐந்து வார்த்தை பேசினால் அதிகம். அஸ்லம் தட்டை அவரிடம் நீட்டினான்.

"மாமா, இதை நீங்க எடுத்துக்கிறீங்களா?"

அவர் வாங்கினார். சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேப்பரைத் தூக்கினார். காலித் தட்டு கீழே போனது.

"வழிச்சுல்ல தின்னிருக்காஹ!" என்றது திரை. "சின்னத் தட்டு பத்தல புள்ள. தாம்பாளத்தை எடு."

கடைசி நான்கு நாள் அஸ்லம் தினம் ஒன்றரை மணி நேரம் மிதித்தான். மிதிக்க மிதிக்கப் பசி ஓநாய் மாதிரி வந்தது. தாம்பாளம் மாமனார் வரை போகவே இல்லை.

மெடிக்கலுக்கு முதல் நாள் டாக்டர் ஸ்டெபினிடம் ஓடினான். அவர் பிரஷர் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"அருமை பாய்! நூத்தம்பது இருந்த பிரஷர் நூத்தி இருபத்தஞ்சு. முட்டி வலி?"

"இல்ல."

"தூக்கம்?"

"படுத்தா செத்த பொணம்தான்."

"பசி?"

"அதை ஏன் கேக்கீங்க டாக்டர்."

எடை மெஷினில் ஏற்றினார். தொண்ணூற்று ஏழு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சைக்கிள் அதோட வேலையைச் செஞ்சிருக்கு" என்றார்.

உண்மைதான். சைக்கிளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னதெல்லாம் நடந்தது. அப்படி ஒரு சாமானை இந்தக் காலத்தில் பார்க்க முடியாது. வாய் வழியாகப் போவதை அது என்ன செய்யும்?

மெடிக்கல் அன்று அஸ்லம் பெல்ட்டைக் கழற்றினான், வாட்சைக் கழற்றினான், மோதிரத்தையும் கழற்றினான். மூச்சை வெளியே விட்டுவிட்டு நின்று பார்த்தான். தொண்ணூற்று ஏழு கிலோ முன்னூறு கிராம். உட்கார்ந்திருந்தவர் தலையைக்கூடத் தூக்காமல் பேப்பரில் முத்திரையைக் குத்தி, "அடுத்த ஆள்" என்றார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வீட்டில் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்கள். ஆஃபியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"எல்லாம் அல்லாட நாட்டம்" என்றது திரை. "பசியோட வந்திருப்பாஹ. சோத்தைப் போடு புள்ள."

அஸ்லம் மாடிக்குப் போய் மிதிக்காமல் சும்மா சைக்கிள் மேல் உட்கார்ந்தான். நாளை முதல் தெருவில் எப்படி நடப்பது?

மூஸா நெய்னா பேப்பரை மடித்து வைத்தார். மாடிப்படி வழியாகக் கீழே திரை இருக்கிற பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முப்பத்தோரு வருசத்துக்கு முந்தி எனக்கு ஜித்தா மெடிக்கல் வந்தப்ப, மும்தாஜோட உம்மாவும் இப்படித்தான் தட்டு மேல தட்டா அனுப்பி என்னைப் போகவிடாம இங்கனயே உக்கார வச்சாஹ, மாப்புள."