மூன்றுக்குப் பூஜ்யம் என்று நான் எழுதவே இல்லை

கால்பந்து தெரியாதவளிடம் கால்பந்தைப் பற்றி எழுதச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால், அவள் எழுதியதில் பாதியை வெட்டக் கூடாது. வெட்டியும் விட்டால், தோற்ற பிறகு அவள் வீட்டு வாசலில் வந்து முறைத்துக்கொண்டாவது நிற்கக் கூடாது. எங்கள் ஹேடோ குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடத் தோன்றவில்லை. அதனால்தான் நடந்தது நடந்தபடி ஒரு தடவையாவது எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. எம்.ஏ. தமிழ், பி.எட். கல்யாணமாகித்தான் அந்தமானுக்கு வந்தேன். என் கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்; துறைமுகத்தில் கிளார்க். அப்போது பாப்பாவுக்கு எட்டு மாதம். அவள் தும்மினால் பயம், தும்மாவிட்டால் அதைவிடப் பயம் என்று நான் இருந்த காலம்.

எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டு பிளாக்குகள். ஏ பிளாக்கில் எங்களைப் போலத் துறைமுக வார்ஃபில் வேலை பார்க்கும் குடும்பங்கள். பி பிளாக்கில் தீவுக்குத் தீவு போகும் கப்பல்களில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள். இரண்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். கோடையில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும். யார் பிளாக்கின் வால்வை முதலில் திறக்கிறார்களோ அவர்கள் தொட்டி நிறையும். அடுத்தவர்களுக்குக் குழாயின் பெருமூச்சு மட்டும் கிடைக்கும். ஆகவே ஒரு தடவை அவர்கள் முதலில், மறு தடவை நாங்கள் முதலில் என்று முறை வைத்திருந்தோம். (கைக்குழந்தையின் துணி துவைத்தவர்களுக்கு அந்த முறையின் அருமை தெரியும். மற்றவர்களுக்கு விளக்கிப் பயனில்லை.)

மழைக்காலம் தொடங்குவதற்குள் இங்கே கால்பந்து சீசன் முடிந்துவிடும். அந்த வருஷம் கடைசி ஆட்டம் வார்ஃப் டீமுக்கும் கப்பல் டீமுக்கும். கப்பல் டீம் ஒரு புள்ளி முன்னால் இருந்தது. அவர்களுக்கு டிரா ஆனாலே கோப்பை. நாங்களோ ஜெயித்தே ஆக வேண்டும்.

அந்த வாரம் கீழ்வீட்டு முருகேசன் அண்ணன் வந்தார். கிரேன் ஓட்டுபவர், ஏ பிளாக் வாட்ஸ்அப் குழுவை நடத்துபவர். பந்தயம் கட்டுகிறவர்களுக்கு வழிகாட்டியாக ஆட்டத்தைப் பற்றி ஒரு முன்னோட்டம் வேண்டுமாம். தமிழில் நன்றாக எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதானாம். என்ன பந்தயம் என்று கேட்டேன். சும்மா, நண்டுக் குழம்புக்குத்தான் என்றார். எனக்குக் கால்பந்து தெரியாது என்றேன். அதனால்தான் நடுநிலையாக எழுதுவீர்கள் என்றார். ஒத்துக்கொண்டேன்.

ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் விசாரித்தேன். யாருக்கு முழங்கால் வலி, யார் லீவில் மெயின்லேண்ட் போகிறார், யார் மஞ்சள் அட்டை வாங்கியிருக்கிறார் என்றெல்லாம் கேட்டு எழுதினேன். ஒருபுறம் பார்த்தால், மறுபுறம் பார்த்தால் என்று பரீட்சைக்கு எழுதுவதுபோலத்தான் எழுதினேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் ஒரு முக்கியமான தகவல் இருந்தது. கப்பல் டீமின் பலமே தபன் என்ற அவர்களுடைய கோல்கீப்பர். அவர் தெற்குக் கோடியிலிருக்கும் கேம்பல் பே போகும் கப்பலில் வேலை பார்ப்பவர். அந்தக் கப்பல் வெள்ளிக்கிழமை கிளம்பி, ஆட்டம் முடிந்த மறுநாள்தான் திரும்பும். அவருக்குப் பதிலாக நிற்கப்போகிறவர் ஒரு கப்பல் சமையல்காரர். பந்து வந்தால் மரியாதையாக வழிவிடுவார் என்று பி பிளாக்கிலேயே சொன்னார்கள்.

இதை எழுதிவிட்டு எனக்கு நிம்மதியில்லை. ஒருவேளை கப்பல் கிளம்பாவிட்டால்? வெள்ளிக்கிழமை ஆட்டோ பிடித்து ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கே போய்விட்டேன். (காய்கறி வாங்கப் போனதாக வீட்டில் சொன்னேன். போனதற்கு முருங்கைக்காயும் வாங்கினேன்.) தபன் பையோடு ஏறுவதைக் கண்ணால் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துவிட்டு, "பாபி, மேட்ச் கா ஹால் போன் பே பதானா" என்று மேலிருந்து கத்தினார். பாபி என்றால் அண்ணி; ஆட்டம் என்ன ஆயிற்று என்று போனில் சொல்ல வேண்டுமாம். கப்பல் நகர்ந்து தூரப் போகும்வரை நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அப்போதும் விடாமல் கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன். இந்தக் கடலில் கப்பல் கிளம்புவது ஒன்று, போய்ச் சேருவது இன்னொன்று. அலை மோசமானால் பாதி வழியில் திரும்பலாம். திரும்பினால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ஆகவே யாரும் இதை நம்பிப் பந்தயம் கட்ட வேண்டாம். இவ்வளவும் எழுதி முருகேசன் அண்ணனுக்கு அனுப்பினேன்.

அன்று மாலை குழுவில் வந்தது இது: "தபன் இல்லை. வார்ஃப் டீம் 3-0. பக்கா. இப்படிக்கு வித்யா, எம்.ஏ., பி.எட்."

மூன்று என்ற எண்ணே என் கட்டுரையில் கிடையாது. என் பட்டங்களை மட்டும் ஒரு புள்ளிகூட விடாமல் போட்டிருந்தார்.

நண்டுக் குழம்புதானே, போகட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை என் கணவர் சவரம் செய்துகொண்டே மிகவும் சந்தோஷமாகப் பேசினார்.

"இனிமே மழை வர்ற வரைக்கும் நமக்குத்தான் முதல் தண்ணி."

"எப்படிங்க?"

"பி பிளாக்கோட பந்தயம் போட்டாச்சு. கோப்பை யாருக்கோ அவங்கதான் எப்பவும் முதல்ல வால்வ் திறப்பாங்க."

"நாம தோத்தா?"

கண்ணாடியிலிருந்து திரும்பி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீதானே மூணு கோல்னு எழுதுன? அப்புறம் எப்படித் தோப்போம்?"

வாளியில் பாப்பாவின் துணிகள் குவிந்திருந்தன. அப்படியே கீழே இறங்கி முருகேசன் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, கடைசிப் பத்திய ஏன் எடுத்தீங்க?"

"ஆனால்னு ஆரம்பிச்சா எவன்மா பந்தயம் கட்டுவான்? நம்ம பசங்களுக்கு ஒரு தைரியம் வேணும்ல."

"இப்பவாவது போடுங்கண்ணே. தண்ணியப் பந்தயம் வெச்சிருக்காங்க."

"கப்பல் கெளம்புனத நீங்களே பாத்தீங்கதானே? டென்ஷன் மத் லோ, கவலப்படாதீங்க, மா."

நானே குழுவில் போட்டுவிடலாம் என்று போனை எடுத்தேன். அண்ணன் மட்டும்தான் செய்தி போட முடியும் என்று பூட்டி வைத்திருந்தார். வதந்தி பரவக் கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு இரண்டு பிளாக்கும் வந்திருந்தது. கப்பல் டீம் உள்ளே இறங்கியது. கடைசியாகக் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு வந்தவர் தபன். எல்லைக்கோட்டருகே என்னைப் பார்த்ததும் கை காட்டினார்.

"ஆ கயே, பாபி."

வந்துவிட்டாராம். கார் நிக்கோபார் தீவைத் தாண்டியதும் அலை முரட்டுத்தனமாகி, பயணிகளெல்லாம் வாந்தி எடுத்துச் சுருண்டு, கேப்டன் கப்பலைத் திருப்பிவிட்டாராம். இதைப் பி பிளாக்கில் ஒரு பெண் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஏ பிளாக் முழுக்கக் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. அந்தக் கடலில் அலையை எழுப்பியதே நான்தான் என்பதுபோல.

சரி, தபன் வந்தால் என்ன, நம் பையன்கள் ஆடுவார்கள் என்று பார்த்தால், அவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் கோல் கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடியே விட்டார். விசாரித்தால், மெயின்லேண்டிலிருந்து வந்த சரக்குக் கப்பலை இறக்க இரண்டு நாளாக எல்லோருக்கும் ஓவர்டைமாம். டியூட்டி போட்டது யார்? பக்கத்தில் பாப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்த என் கணவர்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க?"

"நீ கேக்கலயே. ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டே, என்கிட்ட கேட்டியா?"

(விசாரித்த வீடுகளில் எங்கள் வீடு மட்டும் இல்லை என்பது உண்மைதான்.)

ஆட்டத்தை விவரிக்க என்னால் முடியாது. எங்கள் ஆட்கள் உதைத்தார்கள், தபன் பிடித்தார். அவ்வளவுதான். முடிகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ஏ பிளாக் எழுந்து நின்றது. எனக்கோ கோப்பை கண்ணில் தெரியவில்லை. நிரம்பி வழியும் என் தொட்டிதான் தெரிந்தது. உதைத்த பையன் நன்றாகத்தான் உதைத்தான். தபன் ஒருபக்கமாகப் பாய்ந்து, நான் பாப்பாவைப் பிடிக்கிற பிடியில் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்தார். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். கோப்பையும் அவர்களுக்கு, வால்வும் அவர்களுக்கு.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் முருகேசன் அண்ணன் தலைமையில் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"என்னம்மா இப்படி எழுதிட்டீங்க? கப்பல் திரும்பி வரும்னு தெரிய வேண்டாமா?"

போனை எடுத்து நான் அனுப்பிய முழுக் கட்டுரையையும் காட்டினேன். "இதோ கடைசியில இருக்கு, படிங்க."

"அவ்வளவு தூரம் யாரும்மா படிப்பா?"

"படிக்க விடாம வெட்டுனது நீங்கதானேண்ணே?"

"நான் படிக்காத ஆளு, வெட்டுவேன். படிச்சவங்க நீங்க, வெட்டுற மாதிரி எழுதலாமா?"

பின்னால் நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். என் கணவரும் ஆட்டியதாகத்தான் எனக்கு ஞாபகம். அவர் கொசுவை விரட்டியதாகச் சொல்கிறார்.

மழை வரும்வரை, தண்ணீர் வரும் நாட்களிலெல்லாம் பி பிளாக் தொட்டிகள் பொங்கி வழியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே குழாயடியில் காத்திருந்தேன். வந்த ஒன்றரை வாளியில் பாப்பாவின் துணிகளை அலசினேன். அந்தத் தண்ணீரிலேயே தரையையும் துடைத்தேன். ஏ பிளாக் பெண்கள் என்னோடு பேசினார்கள். ஆனால் காலி வாளியை எனக்குக் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாக வைத்தார்கள். கடைசிப் பத்தியை முதல் பத்தியாக எழுதியிருக்க வேண்டுமோ என்று துணியை முறுக்கும்போதெல்லாம் யோசித்தேன். பிறகு, அப்போது முதல் பத்தியை வெட்டியிருப்பார் என்று தெளிந்தேன்.

அடுத்த சீசன் முடிவில் தபன் ஒரு சாக்கில் உயிர் நண்டுகளோடு வந்து நின்றார். வார்ஃப் டீம் ஜெயிக்கும் என்று நான் எழுத வேண்டுமாம், அவருக்காக. அவர் படியிறங்குவதற்குள் முருகேசன் அண்ணன் ஏறி வந்து, கப்பல் டீம்தான் ஜெயிக்கும் என்று எழுதச் சொல்லிக் கெஞ்சினார். இரண்டு பேரையும் அனுப்பிவிட்டேன். நண்டை வைத்துக்கொண்டேன்.

இப்போது பாப்பாவுக்கு மூன்று வயது. காலையில் நான் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, இன்றைக்கு மழை வராது என்று சொன்னால் போதும். என் கணவர் கொடியில் காயும் துணிகளை உருவ ஆரம்பிக்கிறார். பாப்பா, "அம்மா சொல்லிட்டாங்க, அம்மா சொல்லிட்டாங்க" என்று கத்திக்கொண்டு கிளிப்புகளைப் பொறுக்குகிறாள். அந்தச் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டில், பக்கத்து வீட்டில், ஏன், பி பிளாக்கிலும்கூடத் துணிகளை எடுக்கிறார்கள். அப்படி எடுத்த பாதி நாட்களில் மழை வருவதே இல்லை. வெயில் அடித்துக் கொளுத்துகிறது. ஆனால் இந்தக் குவார்ட்டர்ஸில் ஒருவராவது, நீ சொன்னது சரிதான் வித்யா என்று ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னதுண்டா?