மூன்றாவது வால்வும் ஒரு யானையும்

"இந்த வருஷம் மட்டும் இருநூத்திப் பதினாலு படம் பாத்திருக்கேன். எல்லாமே முதல்லேருந்து கடைசி வரைக்கும். ஒரு படத்துலகூட கண்ணை மூடல. இமைக்கவே இல்லன்னா பாத்துக்கங்க," என்றார் பெர்னார்ட்.

பிரேசர் டவுன் சர்ச்சின் பங்கு மூத்தோர் சங்கத்தில் அன்று அவரைத் தவிரப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர் மனைவி யூனிஸும் அதில் ஒருவர். மற்ற பதினொரு பேரும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு யூனிஸின் முகத்தைப் பார்த்தார்கள்.

"பதினோரு நிமிஷம்," என்றார் யூனிஸ். "நான் கடிகாரம் வெச்சே பாத்துட்டேன். பன்னெண்டாவது நிமிஷம் குறட்டை. மாடி வீட்டுக்காரங்க அதைக் கேட்டுதான் ராத்திரி சமையலுக்கு அரிசி களையறாங்க."

"யூனி, அது குறட்டை இல்ல. ரசிக்கிறப்போ வர்ற மூச்சு."

"அப்போ இதுக்குப் பதில் சொல்லுங்க. டிவியில ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் எவ்ளோ தூரம் பாத்தோம்னு ஒரு செவப்புக் கோடு வரும். உங்க இருநூத்திப் பதினாலு படத்துக்கும் அந்தக் கோடு என் சுண்டுவிரல் நகத்து அளவுக்கு மேல போனதில்ல."

இந்தத் தகராறு படத்தைப் பற்றியது அல்ல, சோபாவைப் பற்றியது. பெர்னார்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று உட்கார்ந்த பழுப்பு நிற சோபா அது. ஒன்பது வருடத்தில் அவர் உருவம் அதில் அச்சாகப் பதிந்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிரப்பினால் இரண்டு வாத்துகள் குடும்பம் நடத்தலாம். பங்கின் பழைய சாமான் விற்பனைக்காக வருடக் கடைசி ஞாயிறு காலையில் ஒரு லாரி தெருத் தெருவாக வரும். இந்த முறை சோபா அதில் ஏறியே தீரவேண்டும் என்பது யூனிஸின் முடிவு. சோபா போனால் தானும் அதே லாரியில் போவதாக பெர்னார்ட் சொல்லிப் பார்த்தார். லாரியில் இடம் இருக்கிறது என்று யூனிஸ் சொல்லிவிட்டார்.

"ஒரே ஒரு படம் முழுசா பாத்தேன்னு நிரூபிங்க. சோபா இருக்கட்டும்," என்றார் யூனிஸ் இப்போது, எல்லோர் முன்னிலையிலும்.

"போட்டியன்னைக்கு நிரூபிக்கிறேன்," என்றார் பெர்னார்ட்.

போட்டி டிசம்பர் இரண்டாவது வாரத்தில் நடக்கும். சங்கத்தில் ஒவ்வொருவரும் அந்த வருடம் பார்த்ததிலேயே சிறந்த படம் எது என்று சொல்லி, அதன் கதையைப் பத்து நிமிடத்தில் விவரிக்கவேண்டும். எல்லாப் படங்களையும் ஒப்பிட்டு, கை தூக்கி ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். ஜெயித்த படத்தைக் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் வரும் சனிக்கிழமை ஹால் சுவரில் போட்டுக் காட்டுவார்கள். ஒருவர் பார்த்த படத்தை இன்னொருவர் பார்த்திருக்கமாட்டார் என்பதால், நன்றாகச் சொல்லப்பட்ட படமே நல்ல படம். போன வருடம் குளோரியா சொன்ன படம் ஜெயித்தது. படத்தில் இல்லாத இரண்டு பாட்டை அவர் நடுவில் பாடியிருந்தார்.

பெர்னார்டுக்கு ஒரே ஒரு சிக்கல்தான். அவருக்கு இருநூற்றுப் பதினான்கு படங்களின் முதல் பதினோரு நிமிடம் தலைகீழாகத் தெரியும். முதல் பதினோரு நிமிடத்தில் அவரை மிஞ்ச இந்தியாவிலேயே ஆள் கிடையாது. அதற்கு மேல் எதுவும் தெரியாது.

மூன்று நாள் யோசித்து, 'மூன்றாவது வால்வு' என்ற படத்தைத் தேர்ந்தெடுத்தார். ஏழெட்டு நாடுகளில் விருது வாங்கிய படம். ஆகவே யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

போட்டியன்று முதலில் குளோரியா எழுந்தார். அவர் படத்தில் ஐந்து அக்கா தங்கைகள் ஒரு புடவைக் கடைக்காகச் சண்டை போட்டார்கள். அடுத்தது தையல்கடை சின்னப்பா. அவர் படத்தில் ஒரே ஆள் நாற்பது பேரை அடித்தான். குளோரியாவின் படத்தில் அழுகை அதிகம், சின்னப்பாவின் படத்தில் அடி அதிகம். எது ஒசத்தி என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது.

"அழுதா மனசு லேசாவும் சின்னப்பாண்ணா. அடிச்சா கைதான் வலிக்கும்," என்றார் குளோரியா.

"சும்னிரிம்மா, பேசாம இரு. அஞ்சு பொம்பளைங்க அழுவறதை நான் எங்க வூட்லயே ஓசியில பாப்பேன்," என்றார் சின்னப்பா.

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் கிளெமென்ட் நோட்டைத் திறந்து, கதை, நடிப்பு, பாட்டு, கண்ணீர் என்று நாலு கட்டம் போட்டு எல்லாருக்கும் மார்க் எழுதிக்கொண்டிருந்தார். நாற்பது வருட சர்வீஸில் அவர் ஒரு பையனுக்கும் அரை மார்க் கூடுதலாகப் போட்டதில்லை. தன் மகனையே கணக்கில் இரண்டு தடவை ஃபெயிலாக்கியவர். அவர் பொய் சொல்லி இந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

கடைசியாக பெர்னார்ட் எழுந்தார்.

"விடியக்காலம். ஒரு வால்வுமேன். தோள்ல நீளமா இரும்புச் சாவி. தெருத் தெருவா தண்ணி தெறந்து விடறவன்," என்று ஆரம்பித்தார். அதுவரை உண்மை. பதினோரு நிமிடம் அதுதான் வரும்.

அதற்குப் பிறகு வேறு வழியில்லாமல் பிப்ரவரி மாதம் பார்த்த படத்தின் ஆரம்பத்தை எடுத்து ஒட்டினார். வால்வைத் திறந்தால் தண்ணீருக்குப் பதில் வைர அட்டிகை வந்தது. உடனே மே மாதத்துப் படத்திலிருந்து நாலு போலீஸ் ஜீப்புகள் துரத்தின. வால்வுமேன் ஓடிப்போய் ஒளிந்த கல்யாண மண்டபத்தில், ஆகஸ்ட் மாதத்து மணப்பெண் மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டு ஓடினாள். இருவரும் ரயில் ஏறினார்கள். பேத்தியோடு உட்கார்ந்து பார்த்த பொம்மைப் படத்திலிருந்து ஒரு யானை அதே ஜெனரல் பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அம்மாவை நினைத்து அழுதது.

கதை தொடங்கிக்கொண்டே இருந்தது. முடிவது மாதிரியே தெரியவில்லை. மூச்சு விடவும் யாருக்கும் நேரமில்லை. குளோரியா யானைக்காகத் தன் முந்தானையையும் பக்கத்து நாற்காலி மங்களத்தின் முந்தானையையும் நனைத்துவிட்டார்.

"கடைசியில யானை அம்மாவைப் பாத்துச்சா இல்லியா?" என்று கேட்டார் மங்களம்.

"அதைச் சொன்னா படம் எடுத்தவன் வயிறு எரியும்மா," என்றார் பெர்னார்ட், கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

கிளெமென்ட் மட்டும் பேனாவை மூடவில்லை.

"ஜெனரல் பெட்டிக் கதவு எத்தனை அடி?"

"அது... வந்து மாஸ்டர்..."

"மூணடி. குட்டி யானைன்னாலும் குறுக்களவு நாலடி. நாலு மூணுக்குள்ள போகாது. கதைக்கு சைபர்."

"நக்கோ மாஸ்டர், வேணாம், யானை விஷயத்துல கணக்கு பாக்காதீங்க!" என்று குளோரியா சண்டைக்கு வந்தார்.

ஓட்டெடுப்பில் பதினொரு கைகள் 'மூன்றாவது வால்வு'க்கு எழுந்தன. அதில் ஒன்று யூனிஸின் கை. அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில், கோல்ஸ் பார்க் திரும்புவதற்குள் தெளிந்துவிட்டார்.

"கதை யார்கிட்டயாவது கேட்டு வந்து சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை படம் போடுவாங்க இல்ல, முன் வரிசையில உக்காருங்க. முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு கேள்வி கேப்பேன். பதில் சொல்லிட்டா சோபா உங்களுக்கு. திருதிருன்னு முழிச்சீங்கன்னா ஞாயித்துக்கிழமை லாரிக்கு."

படம் போடுவார்கள் என்பதே பெர்னார்டுக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலையில் சர்ச்சில் கொயர் பாட்டுக்குழு நடத்தும் டீனா டீச்சரைத் தேடிப் போனார். ஹாலில் லாப்டாப்பில் படம் போடுவது அவர் பொறுப்பு.

"அந்தப் படத்தை எல்லா இடத்துலேருந்தும் எடுத்துட்டாங்களாம்மா. உலகத்துலயே இப்போ இல்லியாம்."

டீனா போனில் இரண்டு தட்டுத் தட்டினார். "இருக்கே அங்கிள். இன்னும் நல்ல பிரிண்டே வந்திருக்கு. சுவரு முழுக்கப் பெரிசா தெரியும். நீங்க சொன்ன யானை எல்லாம் எஃபெக்டா வரும்."

அன்றிலிருந்து பெர்னார்ட் படத்தை முன்கூட்டியே பார்த்துவிட முயன்றார். முதல் நாள் நாலு டம்ளர் பில்டர் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டாவது நிமிடம் தூங்கினார். இரண்டாம் நாள் இரண்டு கால்களையும் ஐஸ் தண்ணீர் பக்கெட்டில் விட்டுக்கொண்டு பார்த்தார். தண்ணீர் வெந்நீராகும் வரை தூங்கினார். மூன்றாம் நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பார்த்தார். நின்றபடியே தூங்கினார். தெருவில் போன தேங்காய்க்காரர் இரண்டு தடவை, "பெரியவரே, காய் வேணுமா வேணாமா?" என்று கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு போனார்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. படத்தில் யானை இல்லை என்பது தெரியவேண்டுமானால் யாராவது விழித்திருக்கவேண்டும். யாரும் விழித்திராவிட்டால்?

சனிக்கிழமை மத்தியானம் மூத்தோர் சங்கத்துக்குத் தன் செலவில் மட்டன் பிரியாணி போடுவதாக அறிவித்தார் பெர்னார்ட். கூடவே கத்தரிக்காய் பச்சடி, முட்டை, கடைசியில் ரெண்டு ரெண்டு குலாப் ஜாமுன். சமையல்காரரிடம் நெய்யை அளக்கவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். சின்னப்பா நான்காவது தடவை தட்டை நீட்டியபோது பெல்ட்டைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் தொங்கவிட்டிருந்தார். யூனிஸும் "இன்னொரு பீஸ் வைப்பா" என்றார். பெர்னார்ட் மட்டும் ரெண்டு துண்டு வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு எல்லோரையும் உபசரித்தார்.

ஒரே ஒரு இடத்தில் திட்டம் தப்பியது. கிளெமென்ட் பிரியாணியைத் தொடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து ரெண்டு இட்லி சாப்பிட்டார். கண் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்ததால் பெரிய கருப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மடியில் மார்க் நோட்டு. முதுகு ஸ்கேல் மாதிரி நேராக இருந்தது.

டீனா படத்தைத் தொடங்கிவைத்து, விளக்கையும் மின்விசிறிகளில் பாதியையும் அணைத்துவிட்டு, கொயர் பிராக்டிஸுக்குப் போனார்.

பதினோரு நிமிடம் ஆயிற்று. மங்களம் முதலில் சாய்ந்தார். சின்னப்பா தன் பெல்ட் பக்கம் சாய்ந்தார். இருபதாவது நிமிடம் யூனிஸின் தலை குளோரியாவின் தோளிலும், குளோரியாவின் தலை யூனிஸின் தலையிலும் இருந்தன. முப்பதாவது நிமிடம் ஹாலில் எழுந்த குறட்டைச் சத்தத்துக்கு ஜன்னல் கதவுகள் திறந்து திறந்து மூடின. வெளியே போன ஆட்டோக்காரர் ஒருவர் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு போனார்.

பின் வரிசையில் கிளெமென்ட் மட்டும் அசையாமல் இருந்தார். கருப்புக் கண்ணாடி நேரே சுவரைப் பார்த்தபடி இருந்தது. பெர்னார்ட் நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பி அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். அந்தப் பயத்தில் தூக்கம் கிட்டேயே வரவில்லை. வேறு செய்ய ஒன்றும் இல்லாததால் படத்தைப் பார்த்தார்.

பன்னிரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு ஒரு படத்தில் என்ன நடக்கும் என்பதை ஒன்பது வருடத்தில் முதல்முறையாகக் கண்டார். வால்வுமேன் ஒவ்வொரு தெருவுக்கும் தண்ணீர் விட்டுக்கொண்டே போனான். அவன் வீடு இருக்கும் தெருவில் மூன்றாவது வால்வு. அது துருப்பிடித்துத் திறக்கவே மாட்டேன் என்றது. படம் முழுக்க அதைத் திறக்கப் பார்த்தான். கடைசி நிமிடத்தில் அது கால் சுற்றுத் திரும்பியது. எங்கோ ஒரு வீட்டுக்குள் காலிக் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் படம்.

டீனா வந்து விளக்கைப் போட்டார். எல்லோரும் ஒரே சமயத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒரே சமயத்தில் கைதட்டினார்கள்.

"என்னா படம்! அந்த யானை ஜன்னல் பக்கம் உக்காந்து அழுதுச்சே, என்னால தாங்க முடியல," என்றார் குளோரியா.

"ஜீப்பு நாலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுச்சு பாருபா, அங்க எனக்குப் புல்லரிச்சுப் போச்சு," என்றார் சின்னப்பா, பெல்ட்டைத் தேடிக்கொண்டு.

"பெர்னார்டண்ணா ஒரு வார்த்தை கூட்டியோ குறைச்சோ சொல்லலை," என்றார் மங்களம்.

யூனிஸ் கொண்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "சரிங்க. என் கேள்வி இதுதான். கடைசியில யானை அம்மாவைப் பாத்துச்சா, இல்லியா?"

பாத்துச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் பெர்னார்ட் வாழ்க்கையிலேயே முதல்தடவையாக ஒரு படத்தின் முடிவைப் பார்த்திருக்கிறார். அது நெஞ்சு நிறைய இருந்தது.

"யானையே வரல யூனி. அட்டிகை, ஜீப்பு எதுவும் இல்ல. அதெல்லாம் நான் விட்ட கதை. கடைசியில வால்வு கால் சுத்துதான் திரும்புது. குடத்துல தண்ணி விழுது... அந்தச் சத்தம் இருக்கே..."

குளோரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அய்யோ பாவம். முன் வரிசையில உக்காந்து தூங்கிட்டாரு!"

"ஆரம்பத்துல வர்ற வால்வையே கனவுலயும் பாத்திருக்காருபா," என்றார் சின்னப்பா.

"லாரிக்காரன் நம்பர் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் யூனிஸ்.

"நான் தூங்கல! ஏம்பா, இன்னைக்குத்தான் நான் தூங்கல!" பெர்னார்ட் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு பின் வரிசைக்கு ஓடினார். இரண்டு மணி நேரமாக எந்த மனிதருக்குப் பயந்து நடுங்கினாரோ அவர் கையையே பிடித்துக்கொண்டார். "மாஸ்டர், நீங்க ஒருத்தர்தான் அன்னைக்கே நம்பலை. நாற்பது வருஷம் பொய் சொல்லாத மனுஷன். இவங்களுக்குச் சொல்லுங்க. யானை வந்துச்சா?"

எல்லோரும் கிளெமென்டைப் பார்த்தார்கள். அவர் கருப்புக் கண்ணாடியை நிதானமாகக் கழற்றி, கர்ச்சீப்பால் வாயோரம் வழிந்திருந்த எச்சிலைத் துடைத்து, நோட்டைப் பிரித்து, கதைக்குப் போட்டிருந்த சைபரை அடித்துப் பத்து என்று எழுதினார்.

"நான் தோத்துட்டேன் பெர்னார்ட். கதவு மூணடிதான், ஆனாலும் யானை ஏறிடுச்சு. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."